புதுப்பிப்பு: கிறிஸ்டின் ஹெர்ஷைச் சந்தித்துவிட்டோம்!

மான்செஸ்டரில் அமெரிக்கப் பாடகி கிறிஸ்டின் ஹெர்ஷின் தனிக் கச்சேரிக்குப் போகிறோம், முடிந்ததும் அவரைப் பார்த்துப் பேச வழியுண்டா என்று இங்கே கேட்டிருந்தேன். பின்வாசலில் காத்திருக்காதே, இசைத்தட்டு விற்கும் மேசைக்குப் போ என்றீர்கள். அப்படியே நடந்தது. எல்லோருக்கும் நன்றி.

சின்ன அரங்கு. மேடையில் அவரும் ஒரு கிடாரும் மட்டும். கண் இமைக்காமல் எங்கோ பார்த்தபடி பாடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன், நேரில் பார்க்கையில் சிலிர்த்துவிட்டது. அவருடைய ராக் குழுவான த்ரோயிங் மியூசஸின் பாட்டுகள் டிரம்ஸ் இல்லாமல் இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்புறம் மேசை. என்னிடம் இருந்தது 1994-இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பம், 'ஹிப்ஸ் அண்ட் மேக்கர்ஸ்'. வழவழப்பான உறையில் சாதாப் பேனா வழுக்கும், பெயின்ட் மார்க்கர் கொண்டுபோ என்று ஒருவர் சொல்லியிருந்தீர்களே, பொன்னான யோசனை! வெள்ளி நிறக் கையெழுத்து பளிச்சென்று விழுந்தது. காயும்வரை தோழி அதைத் தட்டுபோல் ஏந்திக்கொண்டு நின்றாள்.

2007-இல் காஷ் மியூசிக் என்ற, இசைக்கலைஞர்களுக்கு உதவும் லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். ரசிகர்களின் சந்தாவில்தான் பல ஆண்டுகளாகப் பாட்டுகளைப் பதிவு செய்கிறார். அதற்காக நன்றி சொன்னேன். வரிசை நீளமாக இருந்தும் அவசரப்படுத்தாமல் கேட்டார்.

படம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தவர்களுக்கு: தாராளமாக எடுக்கலாம், முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.