பழைய மோட்டார் படகு: கியர் ஆயில் வெளுத்து வருது, வாங்கலாமா?

கேள்வி (காட்பாடி)

எல்லாருக்கும் வணக்கம். பழவேற்காடு பக்கம் ஒருத்தர்கிட்ட 16 அடி பைபர் படகு விலைக்கு வந்திருக்கு. 25 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினோட (படகுக்கு வெளியே பின்னால மாட்டுறது) ஒன்றே முக்கால் லட்சம் சொல்றார். லீவு நாள்ல குடும்பத்தோட போக மட்டும்தான், தொழிலுக்கு இல்லை. காவேரிப்பாக்கம் ஏரியில விடலாம்னு ஆசை.

போய்ப் பார்த்தேன். ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு. ஆனா இழுக்கறதுக்கு முன்னாடி நான் தொட்டுப் பார்த்தப்பவே எஞ்சின் சூடா இருந்தது. எஞ்சினைக் குளிர வெச்சுட்டுப் பின்னால பீச்சுற தண்ணி நூல் மாதிரி மெலிசா வந்தது. கியர் பெட்டியோட கீழ் திருகைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன், ஆயில் வெளுத்துப்போய் இறங்குச்சு. "ஆயில் மாத்தினா சரியாயிடும்"ங்கறார். எஞ்சின் மாட்டுற பின்பலகையில மட்டும் புது பெயின்ட். என்ன பண்ணலாம்?

பதில் (அரக்கோணம், அவுட்போர்டு மெக்கானிக்)

தம்பி, ஆயில் மாத்தினா நிறம் மாறும், ஓட்டை மாறாது. கியர் பெட்டிக்குள்ள தண்ணி போகுது. முக்கால்வாசி நேரம் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சீல்தான், அதாவது தண்ணி உள்ளே போகாம தடுக்கற ரப்பர் வளையம். ப்ரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்க, தூண்டில் நரம்பு சுத்தியிருக்கும். அது சீலை அறுத்திடும். சீல் பெரிய செலவில்லை. ஆனா உப்புத் தண்ணியோட ரொம்ப நாள் ஓடியிருந்தா உள்ளே பேரிங், கியர் பல் துருப்பிடிச்சிருக்கும், அதுதான் காசைத் தின்னும். வடிச்ச ஆயிலை விரல்ல தேய்ச்சுப் பாருங்க. இரும்புத் துகள் நெருடினா அந்த எஞ்சின் வேண்டாம்.

தண்ணி மெலிசா வர்றதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். பம்புல இருக்கற ரப்பர் இம்பெல்லர் தேய்ஞ்சிருக்கும், இல்லேன்னா கடல் உப்பு கூலிங் வழியில படிஞ்சிருக்கும். முதலாவது சின்ன வேலை. உப்பு அடைப்புன்னா எஞ்சின் எத்தனை தடவை சூடேறிச்சோ, பிஸ்டன் என்ன கதியோ. அதனால சிலிண்டருக்குள்ள அழுத்தத்தை அளக்கற கம்ப்ரஷன் மீட்டர் போடாம பணம் கொடுக்காதீங்க. ரெண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது.

இன்னொண்ணு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடாக்கி வெச்சிருக்காங்க. சூடான எஞ்சின் யார் இழுத்தாலும் எடுக்கும். அடுத்த தடவை சொல்லாம கொள்ளாம காலையில போய், ஆறின எஞ்சினை நீங்களே இழுங்க. தண்ணி டிரம்முல இறக்கிட்டுத்தான் இழுக்கணும். வெறுமனே ஓட விட்டா இம்பெல்லர் உடனே கருகிடும்.

பதில் (ராணிப்பேட்டை, பைபர் வேலை)

எனக்கு அந்தப் புது பெயின்ட்தான் உறுத்துது சார். நான் சிப்காட்ல கெமிக்கல் டேங்குக்கு பைபர் லைனிங் போடறவன். பெரும்பாலான படகுல பின்பலகை முழு பைபர் கிடையாது, உள்ளே பிளைவுட் இருக்கும். எஞ்சின் போல்ட் ஓட்டை வழியா தண்ணி கசிஞ்சா அது உள்ளுக்குள்ளேயே ஊறி மக்கும், வெளியே ஒண்ணும் தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டிக்கிட்டே வாங்க. நல்ல இடம் கணீர்னு கேட்கும், மக்கின இடம் மந்தமாத்தான் கேட்கும். அப்புறம் தண்ணிக்குள்ள இறங்கற எஞ்சினோட அடிக்காலைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டுங்க, வேற ஒருத்தர் பலகையைப் பார்க்கட்டும். பலகை அசைஞ்சாலோ போல்ட் ஓரத்துல பழுப்புத் தண்ணி கசிஞ்சாலோ விலையே பேசாதீங்க. ஓடற படகுல அந்தப் பலகை பிய்ஞ்சா எஞ்சின் தண்ணிக்குள்ள போகும், அந்த வழியா தண்ணி படகுக்குள்ள வரும்.

பதில் (வாலாஜா)

படகை விடுங்க, முதல்ல தண்ணிக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க. காவேரிப்பாக்கம் பாசன ஏரி, நீர்வளத் துறை கையில இருக்கு. நம்ம இஷ்டத்துக்கு மோட்டார் படகு இறக்க முடியாது, மீன் வலையும் கிடக்கும். கோடையில வத்தினா தரை தட்டும்.

பேப்பரும் முக்கியம். உள்நாட்டு நீர்நிலையில ஓடற எஞ்சின் படகுக்கு 2021 உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி பதிவு, தகுதிச் சான்று எல்லாம் இருக்கு. மீன்பிடிப் படகுன்னா மீன்வளத் துறையில பதிஞ்சிருக்கும், அது வேற பதிவு, உல்லாசத்துக்கு ஆகாது. எஞ்சின் நம்பரை பில்லோட ஒத்துப் பாருங்க.

குடும்பத்தோட போறதா சொல்றீங்க. 2011 டிசம்பர் 25 அன்னிக்கு அதே பழவேற்காட்டுல படகு கவிழ்ந்து 22 பேர் போயிட்டாங்க. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், குழந்தைக்குக் குழந்தை சைஸ். படகுக்கு முன்னாடி அதை வாங்குங்க.

கேட்டவர்

ரொம்ப நன்றிங்க. போய்த் தட்டிப் பார்த்தோம். இடது போல்ட்டைச் சுத்தி ஒரு கை அகலத்துக்கு மந்தமாத்தான் கேட்டது. கம்ப்ரஷன் மட்டும் ரெண்டுலயும் சமமா வந்தது, ஆயில்லயும் துகள் இல்லை. எஞ்சினை மட்டும் தனியா கொடுக்கறேங்கறார். எடுக்கலாமா அண்ணா?

பதில் (அரக்கோணம்)

எடுக்கலாம், ஆனா சீல், இம்பெல்லர் மாத்தி, கியர் பெட்டிக்குக் காத்தழுத்தம் வெச்சு, கசியுதான்னு பார்த்த பிறகு. அந்தச் செலவை விலையில கழிச்சுக்கச் சொல்லுங்க. டேங்குல இருக்கற பழைய பெட்ரோலைக் கொட்டிடுங்க; எத்தனால் கலந்தது ஈரத்தை இழுத்து அடியில பிரிஞ்சு நிக்கும், கார்புரேட்டரைக் கெடுக்கும். வண்டியில ஏத்தும்போது எஞ்சினை நிமிர்த்திக் கட்டுங்க. படுக்க வைக்கணும்னா தண்ணி முழுக்க வடிஞ்ச பிறகு, தலைப்பக்கம் கொஞ்சம் உசரமா இருக்கட்டும். இல்லேன்னா எஞ்சினோட அடிக்காலுக்குள்ள மிச்சமிருக்கற தண்ணி சிலிண்டருக்குப் போயிடும்.