நர்சிங் பசங்களுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கறவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

நானே ஆரம்பிக்கறேன். ஃபர்ஸ்ட் இயருக்கு கெமிஸ்ட்ரி பேசிக்ஸ் எடுக்கறேன், பாதிப் பேரு தமிழ் மீடியம், போர்டுல மோல்னு (ஒரு பொருள்ல எவ்ளோ துகள் இருக்குன்னு சொல்ற அலகு) எழுதின உடனே முகம் சுருங்கிடும், "ஊசி போடத்தானே போறோம், இது எதுக்கு மேம்"னு நேராவே கேப்பாங்க. நியாயமான கேள்விதாங்க. அதனால அவகாட்ரோ எண்ணெல்லாம் அப்புறம்தான், முதல் நாளே ஒரு நார்மல் சலைன் பாட்டில டேபிள்ல வச்சிடுவேன். 0.9%னா லிட்டருக்கு 9 கிராம் உப்பு, ஒரு மோல் உப்போட எடை 58.5 கிராம், அதால வகுத்தா 0.154 மோல், அதாவது 154 மில்லிமோல். போட்டு முடிச்சதும் லேபிள படிக்க சொல்லுவேன், அங்கயும் சோடியம் 154, குளோரைடு 154. "ஏய் வந்துடுச்சுடி"ன்னு ஒரே சத்தம்.

அடுத்து கேசிஎல், அதாவது பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூல். 10 மில்லி, 15%, அப்ப 1.5 கிராம், அதோட மோல் எடை 74.5-ஆல வகுத்தா 20 மில்லிமோல். பெரியவங்க ஒருத்தர் உடம்புல பிளாஸ்மா ஏறக்குறைய 3 லிட்டர், லிட்டருக்கு 4 மில்லிமோல் பொட்டாசியம்னு வச்சா மொத்தமே 12தான். இத்தனூண்டு ஆம்ப்யூல்ல அதவிட ஜாஸ்தி இருக்கு. இத ஏன் டைரக்டா ஐவி புஷ் பண்ணவே கூடாது, ஏன் பாட்டில்ல கலந்து மெதுவா விடணும்னு அப்புறம் நான் சொல்லவே வேண்டியதில்ல, கிளாஸே கப்சிப்னு ஆயிடும்.

*

மேடம் சூப்பர். நான் ஐசியூல இருந்துட்டு இப்ப கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். எங்க பிள்ளைங்களுக்கு கஷ்டம் பிஎச்லதான் (ஆசிட் எவ்ளோன்னு காட்டற அளவு, குறைஞ்சா ஆசிட் ஜாஸ்தி), ப்ளஸ் டூல ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்து மேத்ஸே இல்லாம வந்தவங்க நிறைய, லாக், அதான் லாகரிதம்னாலே பயம். ஏபிஜி, அதாவது தமனி ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ல பிஎச் 7.1 பாத்துட்டு, நார்மல் "7.4-க்கு 0.3தானே குறைவு"ம்பாங்க. நான் லாக் பேச்சே எடுக்காம, 0.3 இறங்கினா ஹைட்ரஜன் அயான் டபுள், 40 நானோமோல் இருந்தது 80 ஆயிடுச்சுன்னு மட்டும் சொல்லுவேன். அப்புறம் டிகேஏ (சுகர் வியாதியில ரத்தத்துல ஆசிட் ஏறிப்போற நிலை) பேஷன்ட் பெட்டுக்கே கூட்டிட்டுப் போய் அவர் எவ்ளோ ஆழமா, வேகமா மூச்சு வாங்கறார்னு பாக்க சொல்லுவேன். கார்பன் டை ஆக்சைடு வெளிய போகப் போக ஆசிட் குறையுது, உடம்பே சரிக்கட்டப் பாக்குதுன்னு அங்கயே புரிஞ்சிடும். பைகார்பனேட் பஃபர் ஈக்வேஷன எழுதறது அதுக்கப்புறம்தான்.

ஒரு டவுட் மேடம், மில்லிஈக்விவலன்ட்ட எப்படி சொல்லித் தரீங்க?

*

மில்லிமோல அந்த அயானோட சார்ஜால பெருக்குன்னு சொல்லிட்டு கால்சியம் குளூக்கோனேட் ஆம்ப்யூல கையில குடுத்துடுவேங்க. 10%, 10 மில்லி, கால்சியம் சுமார் 2.2 மில்லிமோல், சார்ஜ் 2, அப்ப கிட்டத்தட்ட 4.5 மில்லிஈக்விவலன்ட். பொட்டாசியத்துக்கு சார்ஜ் 1, அதனால அங்க 20-ன்னா 20தான். ரெண்டு ஆம்ப்யூலையும் பக்கத்துல வச்சு போட சொல்லுங்க, பட்டுனு பிடிச்சுக்குவாங்க.