குப்பை பிரிக்கும் கூடத்தில் ஒரு அக்கா சொன்னது

வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்துக் கொடுத்தால் நம் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன், அது பிரிக்கப்படும் கூடத்தை நேரில் பார்க்கும்வரை. நீளமான மேசை, சுற்றி நின்று கையாலேயே பிரிக்கிறார்கள். அங்கே ஒரு அக்கா அட்டைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் ஊறியிருந்தது. “இது காகிதக் கட்டோட போனா, அரைச்செடுக்கிற காகிதக் கூழே கெட்டுடும் தம்பி. நேரம் இருந்தா நல்ல பாதியைக் கிழிச்சு எடுப்போம்” என்றார். நேரம் எங்கே இருக்கிறது? பெட்டி அப்படியே ஓரத்துக்குப் போனது. அந்த ஒரு கிழிப்பை நாம் வீட்டிலேயே செய்துவிடலாம்.

ஒரு டப்பாவின் அடியில் எண்ணோடு இருந்த முக்கோணத்தைக் காட்டி, “இது மறுசுழற்சிக்குப் போகும்தானே அக்கா?” என்று கேட்டேன். சிரித்தார். 1988-இல் வந்த அந்தக் குறி, பிளாஸ்டிக் எந்த வகை என்று மட்டும்தான் சொல்கிறது. 1 என்றால் பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), 5 என்றால் பாலிபுரொப்பிலீன். வாங்க ஆள் உண்டா என்பது வேறு கதை. உள்ளே பளபளக்கும் பாக்கெட்டுகளை யாரும் சீந்தவில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டியிருப்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. சின்னச் சின்ன பாக்கெட்டாக வாங்குவதை அன்றோடு குறைத்துவிட்டோம். வழுவழுப்பான ரசீதுகளும் காகிதத்தோடு சேராது, அவற்றில் ரசாயனப் பூச்சு இருக்கிறது.

* * *

எங்கள் வீட்டில் சண்டையே ஈரக் குப்பையால்தான். உரத் தொட்டி வைக்கலாம் என்றதும் எல்லாருக்கும் நாற்றப் பயம். ஆனால் நாற்றம்தான் நமக்கு வழிகாட்டி. அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று போகவில்லை. மூக்கில் ஏறும் அமோனியா நெடி என்றால் பச்சைக் கழிவில் இருக்கும் நைட்ரஜன் கூடிவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: காய்ந்த சருகோ கிழித்த அட்டையோ போட்டு நன்றாகக் கிளறிவிட வேண்டும். (மேலே சொன்ன எண்ணெய் அட்டை, எண்ணெய் ரொம்ப இல்லையென்றால், இங்கே வந்துவிடலாம்.) நைட்ரஜன் ஒரு பங்குக்கு, சருகில் நிறைய இருக்கும் கரிமம் 25 முதல் 30 பங்கு என்பது கணக்கு. நான் அளப்பதில்லை. ஒரு கை பச்சைக் கழிவு, இரண்டு கை சருகு, அவ்வளவுதான். கொஞ்சம் அள்ளிப் பிழிந்து பார்ப்பேன், ஓரிரு சொட்டு வந்தால் சரி, வடிந்தால் இன்னும் சருகு.

ஈரம் தனியாகப் போனதும் மிச்சக் குப்பை காய்ந்தே கிடக்கிறது. தினமும் வெளியே கொண்டுபோய் வைக்கும் வேலையும் போயிற்று.

* * *

பேட்டரியைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. பழைய செல்பேசி, சார்ஜ் ஏற்றும் பொம்மை, இவற்றின் லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். நான் முனைகளில் டேப் ஒட்டி ஒரு டப்பாவில் தனியாகச் சேர்த்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கிறேன். உப்பிப்போன பேட்டரி என்றால் சேர்த்துவைக்காமல் உடனே கொடுத்துவிடுங்கள்.