புதுப்பிப்பு: ஆச்சியின் மாத்திரைப் பை

காரைக்குடியில் இருக்கும் என் ஆச்சிக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை இரண்டும் உண்டு. மலேசியாவிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் சத்து மாத்திரைகளையும் சேர்த்து விழுங்குகிறார், தைராய்டு பரிசோதனை முடிவு தலைகீழாக வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். மாத்திரைப் பையோடு மருத்துவரிடம் போய் வந்தோம்.

குழப்பம் முடி வளர்வதற்கான பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையால்தான். ஒரு நாளைக்கு உடம்புக்கு 30 மைக்ரோகிராம் போதும். அந்த டப்பாவில் ஒரு மாத்திரையிலேயே 10,000! இந்த அளவு சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) அளவைக் குறைத்தும் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அளவைக் கூட்டியும் காட்டிவிடுமாம். சுரப்பு குறைந்தவருக்கு மிகுந்ததுபோல் தெரியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதை எச்சரித்திருக்கிறது. அதை நிறுத்தி, சில நாள் கழித்து எடுத்த ரத்தத்தில் முடிவு ஒழுங்காக வந்தது.

"எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள்" என்று இங்கே சிலர் சொன்னதை மருத்துவர் ஏற்கவில்லை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். ஆச்சிக்கும் குறைந்திருந்ததால் பி12 மாத்திரை தொடர்கிறது. கால்சியமும் இரும்புச்சத்தும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது. எனவே தைராய்டு மாத்திரை விடிகாலை வெறும் வயிற்றில், மற்ற இரண்டும் நான்கு மணி நேரம் தள்ளி.

சர்க்கரை நோய்க்குக் கவுனி அரிசி (கறுப்பரிசி) கொடுக்கச் சொன்னவருக்கு: எங்கள் வீட்டில் அது சர்க்கரையும் தேங்காயும் போட்ட இனிப்பு, ஐயா!

பெயர்ச்சீட்டு இல்லாத மூலிகைப் பொடி ஒன்று மட்டும் பாக்கி. மருத்துவர் வேண்டாம் என்கிறார். ஆச்சி இன்னும் இசையவில்லை.