ஆனந்தரின் தொண்டு அவருடைய விடுதலைக்குத் தடையாக இருந்ததா?

சுவடிப்பித்தன்:
புத்தருக்கு 25 ஆண்டுகள் அணுக்கத் தொண்டராக இருந்த ஆனந்தர், ஆசான் மறையும் வரை விடுதலைப் பாதையில் சோதாபன்னம் என்னும் முதற்படியைத் தாண்டவில்லை. புத்தரின் தலைமைச் சீடரான சாரிபுத்தரோ துறவேற்ற இரண்டே வாரங்களில் அருகதர், அதாவது முழு விடுதலை பெற்றவர், ஆனார். இவ்வேறுபாட்டுக்கு ஆனந்தரின் பற்றே காரணம் என்பது என் துணிபு. தோன்றியவை யாவும் அழியும் என்பதைப் பிறரைவிட அதிகமுறை கேட்டவர், ஆசான் மறையவிருந்த குசிநகரத்தில் கதவுநிலையில் சாய்ந்து, "என்மீது இரக்கம் கொண்ட ஆசான் போகப்போகிறாரே" என்று அழுதார்.

மருதநிழல்:
அழுததோடு நிறுத்திவிட்டீர்கள். உடனே புத்தர் அவரை அழைத்து, உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் அன்போடு நெடுங்காலம் தொண்டு செய்ததைப் பாராட்டி, முயன்றால் விரைவில் விடுபடுவாய் என்றும் உறுதியளித்தார். புத்தருக்கு வரும் ஆடையையோ உணவையோ தமக்குத் தரக்கூடாது என்று நிபந்தனை விதித்த பின்னரே ஆனந்தர் அப்பணியை ஏற்றார். ஆதாயத்தின் வாயிலைத் தாமே அடைத்தவரைப் பற்றுள்ளவர் என்பது பொருந்தாது. தாம் இல்லாத இடத்தில் நிகழ்ந்த அறவுரைகளைத் தமக்குத் திரும்பச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். "இவ்வாறு நான் கேட்டேன்" என்று சுத்தங்கள் எனப்படும் அறவுரை நூல்கள் தொடங்குவது அவர் நினைவை நம்பித்தான்.

சுவடிப்பித்தன்:
பொருட்பற்று வேறு, ஆசான்மீதுள்ள பற்று வேறு. நினைவில் வைப்பதும் விடுதலையும்கூட ஒன்றல்ல. புத்தர் மறைந்தபின் அவர் போதனைகளைத் தொகுக்கக் கூடிய இராசகிருகத்துச் சங்கத்துக்கு, மூத்த பிக்குவான மகாகாசியபர் முதலில் தேர்ந்தவர்கள் 499 அருகதர்கள். மற்ற பிக்குகள் பரிந்துரைத்ததால்தான் ஆனந்தர் சேர்க்கப்பட்டார். சங்கம் கூடுவதற்கு முந்தைய இரவு முழுதும் முயன்று, விடியற்காலையில் படுக்கச் சாய்ந்தபோது, கால்கள் தரையை விட்டெழுந்து தலை தலையணையைத் தொடுமுன் விடுபட்டார். ஆசான் இருந்தவரை நிகழாதது அவர் மறைந்த சில மாதங்களில் நிகழ்ந்தது.

கொன்றைவனம்:
இருவரும் அச்சங்கத்தில் நடந்த விசாரணையைப் பேசவில்லை. ஆனந்தர் அறவுரைகளை ஓதி முடித்த பின், மூத்த பிக்குகள் அவர்மீது சுமத்திய குற்றங்களுள் ஒன்று, பெண்களைத் துறவில் சேர்க்க அவர் முயன்றது. புத்தரின் வளர்ப்புத்தாய் மகாபிரஜாபதி கௌதமிக்காக வைசாலியில் புத்தரிடம் பலமுறை வேண்டி மறுக்கப்பட்ட அவர், பெண்களும் அருகத நிலையை அடைய இயலுமா என்று கேள்வியைத் திருப்பிக் கேட்டு, "இயலும்" என்ற விடையைப் பெற்றார். விசாரணையில் அவர், தாம் குற்றம் எதையும் காணவில்லை என்றும், மூத்தோர்மீது கொண்ட மதிப்பால் ஏற்றுக்கொள்வதாகவும் கூறினார். சீற்றமும் இல்லை, பணிந்து குழைவதும் இல்லை. பெண் துறவிகள் பாடிய தேரிகாதையின் 73 பாடல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த விடைதான் நினைவுக்கு வருகிறது.

சுவடிப்பித்தன்:
பெண்கள் குறித்து நீங்கள் கூறியதை ஏற்கிறேன். ஆனால் அதே விசாரணையில் இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. துறவிகளுக்கான சிறு விதிகளை நீக்கலாம் என்று புத்தர் கூறியபோது, எவை சிறு விதிகள் என்று ஏன் கேட்கவில்லை என வினவினார்கள். நினைவாற்றலில் முதல்வர் என்று புத்தரே போற்றியவர் தந்த விடை, "நினைவு தவறியதால்" என்பது. துயரம் அவரை எந்த அளவுக்கு ஆட்கொண்டிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

மருதநிழல்:
ஆசான் இறக்கும் தறுவாயில் விதிப்பட்டியல் கேட்கத் தோன்றாதது எனக்குக் குறையாகப் படவில்லை. அந்த மறதியால்தான், எவை சிறியவை என்று தெளிவில்லாமல், எதையும் நீக்குவதில்லை என்று காசியபர் முன்மொழிந்து சங்கமும் ஏற்றது.