எருமையின் வால் நுனி கறுத்துக் காய்கிறது: அவசர உதவி தேவை

துணுக்காய்ப் பட்டி:
வணக்கம். எங்கள் பட்டியில் நான்கு எருமைகள் நொண்டுகின்றன. இரண்டின் வால் நுனி கறுத்துவிட்டது. ஒன்றின் காது மடல் காய்ந்த தோல் போலச் சுருண்டு நிற்கிறது. பாலும் பாதியாகிவிட்டது. என்ன ஊசி போடலாம் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

முழங்காவில்:
வாயில் கொப்புளமோ புண்ணோ இருக்கிறதா? எச்சில் நூலாக வடிகிறதா? காய்ச்சல் உண்டா? எத்தனை நாளாக நொண்டுகின்றன? நொண்டும் மாடு என்றால் முதலில் கால்வாய் நோய் (காலிலும் வாயிலும் கொப்புளம் போடும் தொற்றுநோய்) இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதுவரை மற்றவர்களின் மாடுகளுடன் சேர விடாதீர்கள்.

வவுனிக்குளத்தான்:
இது கனியுப்புக் குறைபாடுதான். மாரியில் எங்கள் மாடுகளும் இப்படித்தான் சோரும். நக்குக் கட்டி ஒன்று வாங்கிக் கொட்டிலில் கட்டிவிடுங்கள், தம்பி.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:
ஊசியின் பெயரைக் கேட்பதற்கு முன்னர் தீனியைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டும் என்பதைப் பட்டி வைத்திருப்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. இங்கே எத்தனை முறை சொன்னாலும் ஒருவரும் கேட்பதாயில்லை. என்ன போடுகிறீர்கள், அது எங்கே அடுக்கப்பட்டிருந்தது, நனைந்ததா?

துணுக்காய்ப் பட்டி:
மன்னிக்கவும் ஐயா. வாயில் புண் இல்லை, காய்ச்சலும் இல்லை. மூன்று வாரமாகிறது. மேய்ச்சல் தரை வெள்ளத்தில் கிடப்பதால் சிறுபோக வைக்கோல் மட்டும் போடுகிறோம். இயந்திரத்தால் கட்டிய கட்டுகள். தறப்பாள் கிழிந்து மழைநீர் இறங்கிவிட்டது. கட்டைப் பிரித்தால் சாம்பல் நிறத்தில் தூசு எழும்புகிறது, நடுவில் இளஞ்சிவப்பாகவும் கறுப்பாகவும் ஒட்டிக் கிடக்கிறது. மாடுகள் தின்றதால் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:
அதுதான் காரணமாக இருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த நெல் வைக்கோலைத் தின்னும் எருமைகளுக்கும் மாடுகளுக்கும் குளிர்காலத்தில் வால், காது, குளம்பின் மேற்பகுதி ஆகியன கறுத்து அழுகும் நோயொன்று உண்டு. பஞ்சாபிலுள்ள ஓர் ஓடையின் பெயரால் அதனைத் தெக்னாலா என்பார்கள். ஃபியூசேரியம் என்ற பூஞ்சணத்தின் நச்சு இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், உடலின் நுனிப் பகுதிகளுக்கு இரத்தம் போகாமல் தசை செத்துப்போகிறது. இந்த நச்சை முறிக்கும் மருந்து இல்லை. இன்றைக்கே அந்த வைக்கோலை நிறுத்துங்கள். மேட்டுக் காணியில் கோ 3 புல்லோ கிளிசரியா இலையோ கிடைத்தால் வெட்டிப் போடுங்கள். புண்களைக் கழுவி ஈ மொய்க்காமல் பாருங்கள். நான் படிப்பதோ உங்கள் எழுத்தை மட்டும். மாட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மிருக வைத்தியர்.

வவுனிக்குளத்தான்:
அத்தனை கட்டையும் எறிவதென்றால் மாரி முழுவதும் எதைப் போடுவது? இரண்டு நாள் வெயிலில் விரித்து உப்புநீர் தெளித்தால் போதும். எங்கள் ஐயா அப்படித்தான் செய்தார்.

முழங்காவில்:
உங்கள் ஐயாவின் காலத்தில் வைக்கோல் களத்தில் நன்றாகக் காய்ந்த பின்னர்தான் போராக ஏறியது, அண்ணை. இப்போது அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே ஈரத்துடன் கட்டிவிடுகிறார்கள். வெயில் பூஞ்சணத்தைக் கொல்லலாம். அது விட்டுச்சென்ற நச்சு வைக்கோலிலேயே இருக்கும்.

கண்டாவளை:
பாலைக் காய்ச்சிக் குடித்தால் பிழையில்லையா? வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:
நல்ல கேள்வி. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கில் வரும் அஃப்ளாடொக்சின் வேறு நச்சு. அதனைத் தின்ற பசுவின் பாலில் அதன் ஒரு வடிவம் கலக்கும், காய்ச்சினாலும் போகாது. தீனியை நிறுத்திய சில நாட்களில் பால் தெளிந்துவிடும். 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது, தீனியிலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் அந்த நச்சையே கண்டுபிடித்தார்கள். உங்கள் வீட்டிலும் தேங்காய்ப் பிண்ணாக்குச் சாக்கை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

வவுனிக்குளத்தான்:
அப்படியென்றால் பழுதான வைக்கோலை எருவாகவாவது போடலாமா?

முழங்காவில்:
மாடு எட்டாத இடத்தில் குவித்து மக்க விடுங்கள். கொட்டிலில் படுக்கையாகப் போட்டால் அதையும் மெல்லும்.

துணுக்காய்ப் பட்டி:
மிருக வைத்தியர் வந்து பார்த்தார், வைக்கோல்தான் என்றார். ஒன்பது நாளாகப் போடவில்லை. மூன்று எருமைகள் எழும்பி நடக்கின்றன. ஒன்றின் வாலை ஒரு சாண் வெட்டிவிட்டார்கள். நன்றி ஐயா.