மறு: ‘சிந்தெட்டிக் லெத்தாலிட்டி’ – முதலில் ‘செயற்கை’யை வெளியேற்றுவோம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இரண்டு நாள்களாகக் குவிந்திருந்த மடல்களை இன்று காலைதான் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ‘சிந்தெட்டிக் லெத்தாலிட்டி’ (synthetic lethality) என்ற மரபியல் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்திருப்பவை: செயற்கைக் கொல்தன்மை, செயற்கை மரணம், தொகுப்புச் சாவு, இணைச்சாவு. முதல் இரண்டையும் தயங்காமல் தள்ளிவிடலாம். காரணம் சொல்லாமல் தள்ளினால் அடுத்த மாதம் வேறொருவர் அதையே திரும்பக் கொண்டுவருவார் என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

அந்தப் பாவத்தைச் செய்தவர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் புரோஸ்டேட் புற்றுநோய் ஆய்வு பற்றித் தமிழில் பேசப் போயிருந்தேன். திரையில் ‘செயற்கை மரணம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “இதற்கு நோயாளியின் சம்மதம் வாங்குவீர்களா?” என்று கேட்டார். நான் கருணைக்கொலையைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்து நாற்பது நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருந்திருக்கிறார். பிழை அவருடையதல்ல.

‘சிந்தெட்டிக்’ என்றதும் நமக்கு நைலான் நினைவுக்கு வருகிறது. கிரேக்க வேருக்கோ ‘ஒன்றாகச் சேர்த்து வைத்தல்’ என்பதுதான் பொருள். 1922இல் மரபியலாளர் கால்வின் பிரிட்ஜஸ் பழ ஈக்களிடம் ஒரு விந்தையைக் கவனித்தார். ஒரு மரபணுப் பிறழ்வு மட்டும் இருக்கும் ஈ பிழைக்கிறது. மற்றொரு பிறழ்வு மட்டும் இருக்கும் ஈயும் பிழைக்கிறது. இரண்டும் ஒரே ஈயில் கூடினால் செத்துப்போகிறது. 1946இல் மற்றொரு மரபியலாளர் டொப்ஷான்ஸ்கி இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். நம் பள்ளிப் பாடநூல் ‘ஒளிச்சேர்க்கை’ என்று எழுதியதே தவிர ‘ஒளிச்செயற்கை’ என்று எழுதவில்லை. அதை ஆக்கியவருக்கு வேர் தெரிந்திருந்தது. அவர் வழியில் போய்ச் ‘சேர்க்கைச் சாவு’ என்று சொல்லிப் பார்த்தேன். கெட்ட சகவாசத்தால் வந்த சாவு போல ஒலிக்கிறது. வேண்டாம்.

சரி, நமக்குச் சொல் தேவைப்படும் இடம் எது? 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோனை நிறுத்தினால் புரோஸ்டேட் புற்று சுருங்கும் என்று காட்டினார். 1966இல் நோபல் பரிசும் பெற்றார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் வைத்தியம் ஹார்மோனைச் சுற்றியே நடந்தது. இந்த ஆளின் புற்றில் எந்த மரபணு பழுது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. ஈஸ்ட்டை ஆராய்ந்த லீலண்ட் ஹார்ட்வெல்லும் உடன் பணியாற்றியவர்களும் 1997இல் வேறு வழி சொன்னார்கள்: புற்று ஏற்கெனவே இழந்திருக்கும் மரபணுவைத் தேடுங்கள், அதற்கு ஜோடியான மற்றொன்றை மருந்தால் முடக்குங்கள்.

2005இல் அது செல்களில் மெய்யானது. நம் டி.என்.ஏ.வின் ஒற்றை இழையில் அன்றாடம் ஆயிரக்கணக்கில் சேதம் விழுகிறது. அங்கே முதலில் ஓடி வரும் நொதிகளில் ஒன்று பார்ப் (PARP). அதை முடக்கினால், செல் பிரியும் முன் டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது ஒற்றை இழை முறிவு இரட்டை இழை முறிவாகிவிடுகிறது. அதைப் பிழையின்றிச் சரிசெய்ய பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவின் புரதம் வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் செல் மாய்கிறது. பழுதான ஒரு படியோடு பிறந்தவருக்கும் உடம்பின் மற்றச் செல்களில் நல்ல படி ஒன்று மிச்சமிருக்கிறது. புற்றுச்செல்லோ அதையும் தொலைத்துவிட்டது. மருந்து பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதிப் பாதியைப் புற்று தானே முன்கூட்டிச் செய்து வைத்திருக்கிறது.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே செல்வரிசையிலிருந்து கிளைத்த இரண்டு கூட்டங்கள். ஒன்றில் மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் பி.ஆர்.சி.ஏ.2 வெட்டப்பட்டிருக்கும். இரண்டு தட்டுகளிலும் சில நூறு செல்களைத் தூவி, ஒரே அளவு மருந்தைக் கலந்து, இரண்டு வாரம் அடைகாக்கிறோம். பிறகு ஊதாச் சாயத்தை ஊற்றிக் கழுவினால் ஒரு தட்டு முழுக்க நாவல் நிறப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு செல்லின் வம்சம். மற்றதில் ஏறக்குறைய வெறும் பிளாஸ்டிக். மருந்தே இல்லாமல் வளர்த்த ஜோடியை எடுத்துப் பார்த்தால் இரண்டு தட்டுகளிலும் புள்ளிகள் இருக்கும். அந்த நான்கு தட்டுகளையும் ஒரு சொல்லுக்குள் அடக்க முடியுமா என்பதே என் கவலை.

கலைச்சொல் என்றால் குட்டியும் போட வேண்டும். இந்த உறவுள்ள மரபணு ஜோடிக்கு ஒரு சொல், அத்தகைய ஜோடிகளை வலைவீசித் தேடும் சோதனைக்கு ஒரு சொல், பெயரடையாக ஒன்று. ‘இணைச்சாவு’ இங்கேதான் தடுக்கி விழுகிறது. இரண்டு செல்கள் சேர்ந்து சாகின்றன என்றல்லவா அது சொல்கிறது? சாவது ஒரு செல், இழந்தவைதாம் இரண்டு.

ஆகவே என் பரிந்துரை: ஈரிழப்புச் சாவு. ஜோடிக்கு ‘ஈரிழப்பு இணை’, தேடலுக்கு ‘ஈரிழப்புத் தேடல்’. அடித்து நொறுக்குங்கள்.

———

அன்புள்ள தம்பிக்கு,

அறிவியல் எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் நான்கு தட்டுகள் புரிந்தன. சொற்புணர்ச்சியில் குறையில்லை. உயிரெழுத்துக்கு முன் இரண்டு ‘ஈர்’ ஆகும். ஈராண்டு, ஈருருளி போல. ‘இணையிழப்பு’ என்று நீங்கள் எழுதாமல் விட்டதற்கு நன்றி. கணவரையோ மனைவியையோ பறிகொடுத்தவர் என்று படித்திருப்பார்கள்.

ஆனாலும் ஒரு குறை. வேகமாகப் படிப்பவர் ‘ஈரம் இழப்பு’ என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. எண்ணைச் சொல்வதைவிட உறவைச் சொல்வது தமிழுக்கு இயல்பு என்பதும் என் எண்ணம். ஒன்று போனாலும் மற்றொன்று துணைக்கு நிற்கிறது. அந்தத் துணையும் அற்றால் மாய்வு. ‘துணையறு மாய்வு’ என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கும் இதமாக இருக்கிறது.

———

அனைவருக்கும் வணக்கம்.

புற்றுநோய் மருத்துவன் என்ற முறையில் இரண்டு தடைகள்.

ஒன்று, ‘இழப்பு’ என்பது பார்ப் விஷயத்தில் முழு உண்மையல்ல. பார்ப்பை முடக்கும் மருந்துகள் அந்த நொதியின் வேலையை நிறுத்துவதோடு நில்லாமல், அதை டி.என்.ஏ.வின் மேலேயே சிக்கவைத்துவிடுகின்றன. சாவி தொலைவது வேறு, பூட்டுக்குள் முறிந்து நிற்பது வேறு. இவ்வகை மருந்துகளில் டலாசோபாரிப் பலமாகச் சிக்கவைக்கும், வெலிபாரிப் சிறிதளவே சிக்கவைக்கும். செல்லைக் கொல்வதிலும் அந்த வித்தியாசம் தெரிகிறது.

இரண்டு, ‘சாவு’ வேண்டாம். இந்தச் சொல் அகராதியோடு நிற்காது, நோயாளியின் கையிலிருக்கும் குறிப்பேட்டிலும் அச்சாகும். 2015இல் வெளிவந்த, ஒலாபாரிப் என்ற பார்ப் மருந்தின் ஆய்வில் பரவிய புரோஸ்டேட் புற்றுள்ள 49 பேரை மதிப்பிட்டார்கள். மருந்துக்கு இசைந்தவர்கள் 16 பேர். டி.என்.ஏ. பழுதுநீக்கும் மரபணுக்களில் குறை இருந்தவர்களை மட்டும் எடுத்தால், அத்தகைய 16 பேரில் 14 பேர் இசைந்தார்கள். அமெரிக்காவில் 2020 மே மாதம் அத்தகைய மரபணுக் குறையுள்ள புரோஸ்டேட் புற்றுக்கு அந்த மருந்து ஒப்புதலும் பெற்றது. இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்லும் தாளில் ‘சாவு’ என்று இருந்தால், படிப்பவர் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடுவார். எது மாய்கிறது என்றாவது சேர்த்துச் சொல்லுங்கள்.

———

அம்மாவுக்கும் மருத்துவருக்கும்,

இரண்டாம் தடைக்கு மறுபேச்சில்லை. சாவைத் தூக்கிவிட்டேன், அம்மா தந்த ‘மாய்வு’ அந்த இடத்துக்கு வருகிறது, முன்னால் ‘செல்’லும் வருகிறது.

முதல் தடையை மூன்று முறை படித்தேன். சாவி உவமை சரிதான். ஆனால் அது பார்ப் மருந்துகளின் தனிக்குணம். ஈஸ்ட்டிலும் பழ ஈயிலும் இரண்டு மரபணுக்கள் செயலிழந்தாலே போதும், சிக்கவைக்க எந்த மருந்தும் இல்லை. பொதுக்கருத்துக்கு வைக்கும் பெயரில் ஒரு மருந்து வகையின் குணத்தை ஏற்ற வேண்டாம். அதற்குப் ‘பார்ப் சிக்கவைப்பு’ என்று தனிப் பதிவு போடுவோம். ‘இழப்பு’ என்பதற்குச் ‘செயலிழப்பு’ என்று விளக்கத்தில் எழுதிவிடுகிறேன்.

‘துணையறு மாய்வு’ அழகான சொல், அம்மா. நேற்று இரவு முழுக்க அதன் பக்கமே சாய்ந்திருந்தேன். மனத்தை மாற்றியது ஆய்வகக் குறிப்பேட்டில் இருந்த ஒரு பக்கம். மருந்துக்கு நன்றாக இசைந்த புற்று சில சமயம் திரும்ப வளர்கிறது. காரணங்களில் ஒன்று விசித்திரமானது: பழுதான பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவிலேயே இரண்டாவதாக ஒரு பிறழ்வு விழுந்து, குலைந்திருந்த வாசிப்பு வரிசை (மரபணுவின் எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் ஒழுங்கு) மறுபடியும் சீராகிவிடுகிறது. பிழையைப் பிழை திருத்துகிறது. புரதம் மீண்டும் வேலைக்கு வந்துவிடுகிறது, மருந்து பயனற்றுப்போகிறது. இதை என் மாணவிக்கு விளக்கும்போது, “ஈரிழப்பு ஓரிழப்பாகிவிட்டது” என்று என்னையறியாமல் சொன்னேன். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. உடம்பின் நல்ல செல்கள் மருந்தைத் தாங்குவதும் அதே ஓரிழப்பால்தான். எண் உள்ள சொல்லால் மட்டுமே இப்படிக் கூட்டிக் கழிக்க முடிகிறது.

ஈரம் பற்றிய ஐயம் நியாயமானது. முதல் முறை வருமிடத்தில் ‘ஈர்-இழப்பு’ என்று சிறுகோடிட்டு எழுதினால் தீரும் என்று நினைக்கிறேன். சொற்பட்டியலில் ஏற்றவிருக்கும் பதிவு இது. ஞாயிறு வரை பார்த்துவிட்டு ஏற்றுகிறேன்:

ஈரிழப்புச் செல்மாய்வு – தனித்தனியே செயலிழந்தால் செல் பிழைத்திருக்கக்கூடிய இரு மரபணுக்கள், ஒரே செல்லில் இரண்டும் செயலிழக்கும்போது அச்செல் மாய்தல். செயலிழப்பு பிறழ்வாலும் நேரலாம், மருந்தாலும் நேரலாம். தொடர்புடையவை: ஈரிழப்பு இணை, ஈரிழப்புத் தேடல், ஓரிழப்பு. ‘செயற்கை மரணம்’ என்பது வழு.